அமாவாசைப் பலகை

முப்பத்திரண்டு குழாய்களையும் வட்டத் தட்டில் செருகி, மூடியை இறக்கி, ஹபீபா பொத்தானை அமுக்கியபோது மணி பதினொன்று இருபது. இனி ஒன்றரை மணி நேரம் இயந்திரத்தின் பாடு. மனுஷருக்கு அங்கே வேலை கிடையாது. கொரற்றி தன் அறைக்குப் போயிருக்கலாம். மேசையில் கையெழுத்துக்குக் காத்திருக்கும் தாள்கள் இருந்தன, பாதி குடித்து ஆடை படிந்த காப்பி இருந்தது. போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். நாற்பத்து நான்கு வயதில், ஒரு ஆய்வகத்துக்குத் தலைவி என்று கதவில் பெயரும் எழுதி மாட்டிக்கொண்டு, குழாய் ஏறி இறங்குவதை வேடிக்கை பார்ப்பது கொஞ்சம் அசட்டுத்தனம்தான். ஹபீபாவே சொல்லிப் பார்த்தாள். "நீங்க போங்க மேடம். முடிஞ்சதும் நான் மெயில் போடறேன்." "இருக்கட்டும். இங்க ஏசி நல்லா இருக்கு" என்றாள் கொரற்றி. அந்தக் கட்டடத்தில் எல்லா அறைக்கும் ஒரே ஏசிதான், அது எல்லா அறையிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்யாது. ஹபீபா ஆம்பூர்ப் பெண், பேச்சில் மரியாதை அதிகம்; சிரிப்பை விழுங்கிக்கொண்டு நோட்டைத் திறந்தாள். எட்டுக் குழந்தைகளின் ரத்தம். ஒரு குழந்தைக்கு நாலு குழாய். முதல் குழாயில் மருந்து இல்லை, இரண்டாவதில் பத்தில் ஒரு பங்கு, மூன்றாவதில் பாதி, நாலாவதில் முழு அளவு. ஒரு குழந்தைக்குப் பன்னிரண்டு நிமிஷம். எண் ஒன்றிலிருந்து எட்டு வரை. கொரற்றிக்கு வேண்டியது ஏழு. ஏழு வர பன்னிரண்டே முக்கால் ஆகும். பார்த்துவிட்டுப் போய்விடலாம், அவ்வளவுதான், பார்த்துவிட்டால் நெஞ்சில் கிடக்கிற இந்தக் கல் இறங்கிவிடும்.

எண்களுக்குப் பின்னால் இருக்கும் குழந்தைகள் யாரென்று அவளுக்குத் தெரியக்கூடாது. அது விதி. தங்கை மகள் இந்தச் சிகிச்சைச் சோதனையில் சேர்கிறாள் என்று கொரற்றியே நெறிமுறைக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். பரவாயில்லை, எண் மட்டும் உங்களுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் தங்கை பெனிட்டாவுக்கு விதியெல்லாம் யார் சொன்னது. ரத்தம் எடுத்த அன்றைக்கே, மகள் ரியானா மணிக்கட்டில் பட்டையோடு சிரிக்கிற படத்தை அனுப்பிவிட்டாள். பட்டையில் கொட்டை எழுத்தில் 07. ஒன்பது வயது, பதினேழு கிலோ. மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்து மூன்று வருஷம். குடலை அதன் சொந்தக் காவல் செல்களே தின்றுகொண்டிருந்தன. ஸ்டீராய்டு கொடுத்தால் முகம் மட்டும் உப்பி, கை கால் குச்சியாக நிற்கும். நிறுத்தினால் மறுபடி ரத்தம். தூத்துக்குடியில் பள்ளிக்கூடத்துக் கழிப்பறை நாலாம் வகுப்பிலிருந்து எத்தனை அடி தூரம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அறுபத்திரண்டு. பெரியம்மாவிடம் அதை ஒரு விடுகதை மாதிரி கேட்டாள், சொல்லுங்க பெரியம்மா எத்தனை அடின்னு. கொரற்றி முப்பது என்றாள், நாற்பது என்றாள். அப்புறம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இன்று பன்னிரண்டு மணிக்கு, நகரத்தின் மறுகோடியில், இந்தச் சோதனையை நடத்துகிற டாக்டர் கதிரேசனின் வார்டில், எட்டுக் குழந்தைகளும் முதல் மாத்திரையை விழுங்கப் போகிறார்கள். எண் வரிசைப்படி, ஒவ்வொருவருக்கும் நடுவே இருபது நிமிஷம் விட்டு. கொழுப்பில்லாமல் அந்த மருந்து உடம்பில் ஏறாது என்பதால் ஆளுக்கு இரண்டு நெய் தோசை. அப்படியானால் ரியானாவுக்கு இரண்டு மணி. நேரம் இருக்கிறது. எதற்கு நேரம் என்று அவள் மனசு கேட்கவில்லை, கேட்காமலே தள்ளி வைத்தது.

மாத்திரைக்குள் இருப்பது கொரற்றிக்குப் பதினெட்டு வருஷப் பழக்கம். வைட்டமின் ஏ உடம்புக்குள் போய் உருமாறிப் பிறக்கிற ரெட்டினாயிக் அமிலம். பொடி மஞ்சளாக இருக்கும் என்பதால் ஆய்வகத்தில் அதற்குப் பெயரே மஞ்சள்தான். மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சின்னச் சுரப்பி. அங்கே படித்துத் தேறி வெளியே வருகிற டி செல்களுக்கு உடனே வேலை கிடைத்துவிடாது. எஞ்சினியரிங் முடித்த பிள்ளைகள் மாதிரி ரத்தத்தில் சும்மா சுற்றும். யாராவது கூப்பிட்டு, நீ சண்டைக்காரன், நீ சமாதானக்காரன் என்று சொல்ல வேண்டும். குடல் பக்கம் அப்படிச் சொல்கிறவர்களில் மஞ்சளும் ஒன்று. சண்டையை விடு, இங்கே வருகிற சோறும் பாலும் நம்முடையதுதான் என்று சொல்லிக்கொடுக்கும். அதோடு விடாது, குடலின் விலாசத்தையும் செல்லின் மேல் ஒட்டி அனுப்பும். எங்கே சுற்றினாலும் அது வழி தவறாமல் குடலுக்கே வந்து சேரும். இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கொரற்றி கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள், பிள்ளைகள் சிரிக்கும். சின்ன வயதில் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு, வைட்டமின் ஏ நிறைய இருக்கிறது என்று சுறா எண்ணெயை வாயில் ஊற்றியதையும் சேர்த்துச் சொல்வாள். தொண்டையில் இறங்கிய பிறகும் மூக்கு வழியாகத் திரும்ப வருகிற அந்த வாடை. பெனிட்டா துப்பிவிடுவாள், கொரற்றி விழுங்குவாள். யார் எதைக் கொடுத்தாலும் நல்லதுக்குத்தான் என்று விழுங்குகிற பிள்ளையாக அவள் இருந்தாள். இப்போது விழுங்கக் கொடுக்கிற இடத்தில் இருக்கிறாள். திரையில் முதல் குழாய் இறங்கி இரண்டாவது ஏறியது.

செல்கள் ஒற்றை வரிசையில் லேசர் வெளிச்சத்தைக் கடக்கும். கடக்கிற ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளி. மேலே இடது மூலையில் விழுந்தால் சமாதானக்காரன். கீழே வலது மூலையில் விழுந்தால் சண்டைக்காரன். ஒன்றாம் எண், மருந்தில்லாத குழாய்: இரண்டு மூலையிலும் கொஞ்சம் கொஞ்சம். சரிதான். ஒன்றாம் எண், பத்தில் ஒரு பங்கு: புள்ளிகள் மேல் இடதில் குவியத் தொடங்கின. குவிந்துகொண்டே போய், ஓரத்தில் ஒரு வால் நீண்டு, வாலின் நுனி லேசாக வளைந்து நின்றது. கொரற்றி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் படம் அவளுக்குத் தெரியும். வளைந்த வால் உட்பட. அவளுடைய கட்டுரையில் மூன்றாவது படம் அது. மூன்று கருத்தரங்குகளில் ஆளுயரத் திரையில் காட்டியிருக்கிறாள், அலுவலக அறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள், பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுகிற போட்டோ மாதிரி யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவாள். ஆனால் அந்தப் படத்துக்குக் கீழே அச்சில் இருப்பது முழு அளவு. பத்தில் ஒரு பங்கு இல்லை. "நம்பர் மாறிப் போச்சா ஹபீபா? இது நாலாவது குழாய் இல்லையா?" ஹபீபா நோட்டைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். "இல்ல மேடம். ரெண்டாவதுதான்." மூன்றாவது ஏறியது. குவியல் கலைந்தது. நாலாவது, முழு அளவு. மேல் மூலை காலியாகி, புள்ளிகள் கீழ் வலதில் இறங்கி, இறங்கி, அந்த மூலையே கறுத்துப் போயிற்று. சண்டைக்காரர்கள். விலாசம் எழுதி ஒட்டிய சண்டைக்காரர்கள். மணி பதினொன்று முப்பத்திரண்டு. ஹபீபா பேனாவை மூடித் திறந்தாள். "ஒரு குழந்தைதானே மேடம். இது ஏதாவது வேற மாதிரி கேஸா இருக்கும்" என்றாள். ஆமாம் என்றாள் கொரற்றி. ஒரு குழந்தைதான். ஒன்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று இருபது வருஷமாக மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் அவள்.

இரண்டாம் எண். மருந்தில்லை, கொஞ்சம் கொஞ்சம். பத்தில் ஒரு பங்கு, மேலே, வளைந்த வால். செல்களை வளர்க்கிற ஊட்டத் திரவம் சரியில்லையோ, புதுப் புட்டி திறந்தார்களே போன மாதம். இயந்திரத்தை யாராவது தொட்டிருப்பார்கள், எதிர் ஆய்வகத்துப் பையன்கள் தொட்டதை வைத்த இடத்தில் வைக்கமாட்டார்கள். ஹபீபா ஏதாவது. இல்லை, ஹபீபா செய்ய மாட்டாள். மஞ்சளைத் தொடுகிற நாளில் ஹபீபாவைப் போல வேலை செய்ய அந்தக் கட்டடத்தில் ஆள் இல்லை. வெளிச்சம் பட்டால் அந்த மருந்து செத்துப்போகும், வெள்ளை வெளிச்சத்தில் முக்கால் மணி நேரம் இருந்தால் பாதிக்கு மேல் வீண். அதனால் மஞ்சள் எடுக்கிற நாளில் அறையின் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, டியூப்லைட் அணைத்து மூலையில் ஒரு சிவப்பு பல்பு, குழாய் ஒவ்வொன்றுக்கும் அலுமினியத் தாள் சட்டை. கதவில் ஒரு மரப்பலகை தொங்கும்: இன்று அமாவாசை. எப்போதோ இருந்த ஒரு மாணவன் வேடிக்கையாக எழுதி மாட்டியது, அப்படியே நின்றுவிட்டது. மாதாகோயிலுக்குப் போகிற ஒரு வேதக்காரியும் ஒரு முஸ்லிம் பெண்ணும் மாதத்தில் நாலு அமாவாசை பார்ப்பதைப் பற்றிக் கீழ்த் தளத்தில் ஒரே கேலி. பலகை தொங்கினால் கதவைத் தட்டவும் கூடாது. உள்ளே இருப்பவர் தாமாக வெளியே வர வேண்டும். ஹபீபா போன புதன்கிழமை இரண்டரை மணி நேரம் உள்ளே இருந்தாள், வெளியே வந்தபோது கண்ணைக் கசக்கிக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றாள். கொரற்றியும் அப்படித்தான், அந்தக் காலத்தில். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கட்டுரைக்காக அந்த மூன்று மாதம், தானே கையால் செய்தாள், யாரையும் நம்பவில்லை. கதவில் பலகை தொங்கியது. கறுப்புத் துணி தொங்கியது. எல்லாம் முறைப்படி நடந்தது. எல்லாமா என்று ஏதோ கேட்டது. இரண்டாம் எண்ணின் முழு அளவு. கீழ் வலது மூலை கறுத்தது.

எல்லாம் இல்லை. அவள் அதை நினைக்காமல் இரண்டு வருஷம் இருந்திருக்கிறாள், மறந்திருக்கவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பது இப்போது தெரிகிறது. நாற்பத்திரண்டு வயதில் கண் கிட்டத்தில் மங்கத் தொடங்கியது. மருந்தை அளந்து உறிஞ்சுகிற பிப்பெட்டின் தண்டில் எறும்பு அளவில் எண்கள் இருக்கும். ஐம்பதா ஐந்தா என்று சிவப்பு வெளிச்சத்தில் தெரியவில்லை. கையை நீட்டிப் பார்த்தாள், கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். வெள்ளெழுத்து. சாளேஸ்வரம் வந்துட்டா ஆள் கிழவிதான் என்று அப்பா அத்தையைக் கேலி செய்வார். கண்ணாடி வாங்கியிருக்கலாம், ஒரு மணி நேர வேலை. அந்த வருஷம்தான் பதவி உயர்வு நேர்காணல், எதிரே உட்காருகிறவர்கள் எல்லாம் முப்பத்தைந்து வயசுக்காரர்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு போய் நிற்க மனசில்லை. மனசில்லை, அவ்வளவுதான் காரணம். இதை எந்தப் பாதிரியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்வது. அதனால் உள்ளே, கதவு சாத்தி, பலகை தொங்கவிட்டு, ஒரு நாள் மேசை விளக்கைப் போட்டாள். வெள்ளை விளக்கு. எண்ணைப் பார்ப்பதற்கு மட்டும், அணைத்துவிடலாம் என்று. பார்த்தாள், அணைத்தாள். அடுத்த குழாய்க்கு மறுபடி. பன்னிரண்டு குழாய்க்குப் பன்னிரண்டு தரம் யார் போட்டு அணைப்பது. குழாயின் மேல் எழுதியது தெரிய அலுமினியத் தாளையும் உரித்தாள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, முக்கால் மணி, ஒரு மணி, மூன்று மாதம். விளக்கின் சூடு புறங்கையில் இதமாகக்கூட இருந்தது. வெளியே ஹபீபா காத்திருந்து, "கண்ணு வலிக்குதா மேடம், இருட்டுல எப்படித்தான் பண்றீங்களோ" என்று கேட்டபோது, கொரற்றி கண்ணைக் கசக்கிக் காட்டினாள். அதுதான். மருந்தைக் கெடுத்ததுகூட, எவ்வளவு கெடும் என்று எண்ணிப் பார்க்காமல். கண்ணைக் கசக்கிக் காட்டியது அறிந்தேதான். முதல் மாதமே பலன் நன்றாக வந்தது. நன்றாக வருகிற பலனை யார் திரும்பிப் பார்க்கிறார்கள். கட்டுரை வந்த பிறகு கண்ணாடி வாங்கினாள். தங்க ஃபிரேம்.

மணி பன்னிரண்டு. திரையில் நாலாம் எண் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் எண்ணும் அதே கதைதான். அங்கே முதல் குழந்தை வாயைத் திறந்திருக்கும். அப்படியானால் கணக்கு இது: விளக்கு பத்தில் ஒன்பது பங்கைக் கொன்றது. மிச்சம் இருந்த ஒரு பங்குதான் அந்தச் செல்களைச் சமாதானப்படுத்தியது. அவள் கட்டுரையில் பத்துப் பங்கு என்று எழுதினாள். டாக்டர் கதிரேசன் அவளை நம்பி, மாத்திரையில் பத்துப் பங்கை வைத்தார். ஆரோக்கியமான பெரியவர்கள் இருபது பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆகாதுதான், அவர்கள் குடலில் தீ இல்லை. ஏற்கெனவே எரிகிற குடல் ஒரு சமிக்ஞையைக் கசியவிடும், அந்தச் சமிக்ஞையோடு சேர்ந்தால் இதே மஞ்சள், இவ்வளவு நிறைய மஞ்சள், சண்டை போடு என்று சொல்லிக்கொடுக்கும். இப்படி நடக்கலாம் என்று எங்கோ எலிகளில் பார்த்து எழுதியிருந்ததை அவள் படித்திருக்கிறாள். எங்கள் அளவில் அப்படி நடக்கவில்லை என்று கட்டுரையில் ஒரு வரி பெருமையாகவே எழுதினாள். ஒரு மாத்திரை ஒன்றும் செய்யாது. ஆறு வாரம் கொடுத்தால்தான். ஒரு மாத்திரை ஒன்றும் செய்யாது, இரண்டு நாளில் உடம்பைவிட்டுப் போய்விடும். ரியானாவுக்குப் போன வைகாசியில் இப்படித்தான் ஒன்றும் செய்யாது என்று ஒரு பால் பாயசம் கொடுத்தார்கள், பதினோரு நாள் ஆஸ்பத்திரி. குடலில் ஓட்டை விழுமோ என்று பயந்து, இரவு பகலாக வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், பலகை மாதிரி விறைத்திருக்கிறதா என்று. பலகை. போன் அதிர்ந்தது. பெனிட்டா. படம். நெய் தோசை, பக்கத்தில் ரியானாவின் கை, மணிக்கட்டில் பட்டை. கீழே: இவளுக்கு ரெண்டு மணிக்குத்தானாம்க்கா, இப்பவே தோசையக் கேக்கா, சிரிச்சிட்டே இருக்கா. கொரற்றி ஒரு சிரிக்கிற முகத்தை அனுப்பினாள். விரல் அனுப்பியது, அவள் அனுப்பவில்லை. ஏழு வரட்டும். ஏழு வேறு மாதிரி இருக்கலாம்.

"மேடம்" என்றாள் ஹபீபா. ஐந்தாம் எண் முடிந்திருந்தது. "ஃபுல் டோஸ் எல்லாமே இப்படித்தான் இருக்கு. அஞ்சு பேரும். நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" அவள் குரல் சின்னதாகிவிட்டது. முப்பத்து நான்கு வயது, அடுத்த மாதம் அவள் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிப்பதற்குக் கொரற்றியின் கையெழுத்து வேண்டும். மேசையில் காத்திருக்கிற தாள்களில் அதுவும் ஒன்று. ஆமாம், நீ ஏதோ தப்பு செய்துவிட்டாய், திரவம் சரியில்லை, மறுபடி செய் என்று சொன்னால் ஹபீபா மறுபடி செய்வாள், தலையைக் குனிந்துகொண்டு. அதற்கு ஐந்து நாள். ஐந்து நாளில் ஐந்து மாத்திரை. போன வாரம் இவள்தான் சொன்னாள், "இந்த ரிசல்ட் வர்ற வரைக்கும் டாக்டர் ஒரு வாரம் பொறுக்கலாமே மேடம்" என்று. தேவையில்லை என்றது யார். நம்ம கட்டுரையிலேயே எல்லாம் இருக்குதே, இது சும்மா இரண்டாவது கட்டுரைக்கு என்றது யார். "நீ எப்படிப் பண்ணின, சொல்லு" என்று கேட்டாள் கொரற்றி. ஹபீபா ஒவ்வொன்றாகச் சொன்னாள், துணி, பல்பு, தாள். "பிப்பெட் நம்பர் தெரியலைன்னு ஒரு தடவ லைட்டப் போடலாமான்னு நெனச்சேன். போடல. நீங்க ஒரு நாளும் போட்டதில்லையேன்னு நெனச்சுக்கிட்டேன்." குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. சாட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொரற்றி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கழற்றியதும் திரையில் புள்ளிகள் கலங்கி, மூலை எது நடு எது என்று தெரியாமல் போனது நிம்மதியாக இருந்தது. மறுபடி மாட்டிக்கொண்டாள். பன்னிரண்டு இருபது. அங்கே இரண்டாவது குழந்தைக்கு மாத்திரை. ஒன்றாம் எண்ணைப் பார்த்தபோதே போனை எடுத்திருந்தால் ஒரு பிள்ளைகூட விழுங்கியிருக்காது. ஒரு பிள்ளையை வைத்து எப்படிச் சொல்வது. இரண்டைப் பார்த்தபோது. மூன்றைப் பார்த்தபோது. ஒவ்வொரு தரமும் அவள் ஏழு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள், மற்ற ஆறும் பிள்ளைகளே இல்லை என்பது போல.

ஆறாம் எண் ஓடிய பன்னிரண்டு நிமிஷமும் அவள் திரையைப் பார்க்கவில்லை, இயந்திரத்தின் பக்கவாட்டில் கழிவுத் திரவம் சொட்டுகிற புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணப்பட்ட செல்கள் எல்லாம் அதற்குள்தான் போகும். கழிவு என்று எழுதி ஒட்டியிருந்தார்கள், ஹபீபாவின் கையெழுத்து, அழகான வட்ட எழுத்து. ஏழு வேறு மாதிரி இருந்தால் என்ன செய்வது என்று ஒரு யோசனை வந்தது. ரியானாவின் செல்கள் மட்டும் முழு அளவிலும் சமாதானமாக இருந்துவிட்டால். அப்போது பேசாமல் இருந்துவிடுவாளா. மாதாவே, ஏழு மட்டும் நல்லா வரட்டும் என்று உதடு முணுமுணுத்தது, முணுமுணுத்த பிறகுதான் தான் என்ன கேட்கிறோம் என்று புரிந்தது.  எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். குடித்த தண்ணீர் சுறா எண்ணெய் மாதிரி மூக்கில் ஏறிற்று. திரும்பி வந்தபோது ஏழு தொடங்கியிருந்தது. மருந்தில்லை. பத்தில் ஒரு பங்கு: மேலே, குவியலாக, வளைந்த வால், எல்லாக் குழந்தைகளையும்விட அழகான குவியல். இந்தப் பிள்ளை பிழைத்துக்கொள்வாள். சரியான அளவு கொடுத்தால் இந்தப் பிள்ளை பிழைத்துக்கொள்வாள், அறுபத்திரண்டு அடியை மறந்துவிடுவாள். பாதி. முழு. புள்ளிகள் இறங்கின. கொரற்றி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மூலை கறுத்து, கறுத்த இடத்தின் மேலேயே மறுபடி புள்ளிகள் விழுந்து, இனிக் கறுக்க இடமில்லை என்று ஆனது. பன்னிரண்டு நாற்பத்து நான்கு.

பெனிட்டா முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் டிவியில் கார்ட்டூன் ஓடுகிற சத்தம். "என்னக்கா, இன்னும் நேரம் கெடக்கே." "ஏட்டி பெனி, நான் சொல்றதக் கேளு. ரியானாவுக்கு இன்னைக்கு மாத்திர வேண்டாம்." "வேண்டாமா? ஏன்?" "வயிறு வலிக்குதுன்னு சொல்லு. வாந்தின்னு சொல்லு. என்னத்தையாவது சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத." வாயிலிருந்து அது எவ்வளவு சுளுவாக வருகிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பக்கத்தில் ஹபீபா நோட்டை மூடிவிட்டு நின்றுகொண்டிருந்தாள். பெனிட்டா கார்ட்டூன் சத்தத்தைக் குறைத்தாள். சின்ன வயதில் எண்ணெயைத் துப்பியவள். எதற்கு எதற்கு என்று கேட்டு அடிவாங்கியவள். அப்படிப்பட்டவள் இந்த மூன்று வருஷத்தில் அக்கா சொன்ன ஒன்றைக்கூட ஏன் என்று கேட்டதில்லை. கொடியில் துணி காயப்போடுகிற நேரத்திலும், நீ சொன்னா சரிதான்க்கா என்பாள். "சரிக்கா, நீ சொன்னா சரி" என்றாள் இப்போதும்.  அப்புறம் பெனிட்டா, குற்றம் சொல்கிற தொனி இல்லாமல், ஏதோ கடையில் என்ன வாங்கணும் என்று கேட்கிற மாதிரி கேட்டாள். "அப்ப மத்த பிள்ளையளுக்கு? மூணு பேரு முழுங்கியாச்சு. நாலாவது ஒரு சின்னப் பையன், விழுப்புரத்துக்காரங்க, இப்ப தோச தின்னுக்கிட்டு இருக்கான். அவங்க அம்மாட்டயும் வாந்தின்னு சொல்லச் சொல்லவா?"

டாக்டர் கதிரேசனின் எண்ணை அழுத்தும்போது கண்ணாடி நழுவியது. மணி அடித்தது. இன்னும் ஒரு வழி இருந்தது, கடைசி வரை இருந்தது: ஒரு புட்டி சரியில்லை டாக்டர், ஹபீபா செய்த சோதனையில் ஒரு சந்தேகம், எதற்கும் இரண்டு நாள் நிறுத்தி வையுங்கள். அதுவும் மாத்திரையை நிறுத்தும். இரண்டு நாள் கழித்து அவர் ஏன் என்று கேட்பார், அப்போது இன்னொரு வார்த்தை, அப்புறம் இன்னொன்று, அளவை மெல்ல மெல்லக் குறைத்து, யாருக்கும் தெரியாமல். விழுங்கிய மூன்று பிள்ளைகளை மட்டும் யாரும் இரவில் வயிற்றைத் தொட்டுப் பார்க்கமாட்டார்கள், எதைத் தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாதே. "சொல்லுங்க கொரற்றி" என்றார் டாக்டர், உற்சாகமாக. "எல்லாம் நல்லா போய்க்கிட்டிருக்கு. நாலாவது பையனுக்கு இப்பதான் குடுக்கப் போறோம்." "குடுக்காதீங்க." "என்னது?" "யாருக்கும் குடுக்காதீங்க. குடுத்த மூணு பேரையும் வீட்டுக்கு அனுப்பாதீங்க டாக்டர், பக்கத்துலயே வெச்சுப் பாருங்க. அந்த அளவு தப்பு. பத்து மடங்கு ஜாஸ்தி." அவர் ஏதோ கேட்டார், கட்டுரையில் இருக்கிறதே, அச்சில் இருக்கிறதே, யார் தப்பு பண்ணினது என்று. கண்ணாடி நழுவியதில் ஹபீபாவின் முகம் சரியாகத் தெரியவில்லை. அவள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொரற்றி அவளைப் பார்த்துக்கொண்டே போனில் சொன்னாள். "நான் லைட்டப் போட்டேன்." "எந்த லைட்டு?" என்றார் டாக்டர், ஒன்றும் புரியாமல். முதலிலிருந்து சொல்ல வேண்டும். பிப்பெட், வெள்ளெழுத்து, பலகை, எல்லாம். சொல்ல வாயெடுத்தபோது அந்தப் பக்கம், போனுக்குத் தள்ளி எங்கேயோ, ஒரு குழந்தை வலியில் முனகுகிற சத்தமும் ஒரு நர்ஸ் ஓடுகிற செருப்புச் சத்தமும் கேட்டன. எத்தனையாம் எண் என்று அவளுக்குத் தெரியவில்லை.